திருவண்ணாமலை தண்ணீர் பாட்டிலில் இருக்கும் ‘கன’மான ரகசியம்: கல்பாக்கம் அணு உலைக்கு கனநீர் ஏன் தேவை?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பாதி தூரம் போவதற்குள் தொண்டை வறண்டுவிடும். ஓரத்துக் கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகி, நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்துவிட்டு நடையைத் தொடர்கிறார்கள்.

அந்தப் பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர்தான். ஆனால், அதற்குள் சுமார் 0.03 கிராம் அளவுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒன்றிரண்டு அரிசி மணியின் எடை, அவ்வளவுதான். யாரும் அதைக் கலக்கவில்லை. எந்த ஃபில்டர் போட்டாலும் அது போகாது. ஆர்.ஓ. மெஷினுக்கும் அது சிக்காது.

அதன் பெயர் டியூட்டீரியம். இதைக் கைப்பற்றவும், எதிரிக்குக் கிடைக்காமல் தடுக்கவும் இரண்டாம் உலகப் போரில் ஆட்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி, கல்பாக்கத்தில் கட்டி முடித்த அணு உலை ஒன்று, இது போதுமான அளவு கிடைக்காததால் இயங்க முடியாமல் காத்துக் கிடந்திருக்கிறது.

தண்ணீருக்குள் இருக்கும் ஒரு பொருளுக்கு ஏன் இவ்வளவு போட்டி? அதை நாம் தினமும் குடிப்பதால் ஆபத்தா? விரிவாகப் பார்க்கலாம்.

கனநீர் என்றால் என்ன?

தண்ணீரின் வாய்ப்பாடு எச்2ஓ என்று பள்ளியில் படித்திருப்போம். இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். இதில் ஹைட்ரஜன் என்பது உலகிலேயே எளிமையான அணு. நடுவில் ஒரு புரோட்டான், அதைச் சுற்றி ஒரு எலக்ட்ரான்.

ஆனால், எல்லா ஹைட்ரஜனும் ஒரே மாதிரி இல்லை. சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றின் கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். இந்த ‘டபுள் வெயிட்’ ஹைட்ரஜன்தான் டியூட்டீரியம். வேதியியல் குணத்தில் கிட்டத்தட்ட அதே ஹைட்ரஜன். எடை மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இரண்டு ஹைட்ரஜன்களின் இடத்திலும் டியூட்டீரியம் இருந்தால் அந்தத் தண்ணீர்தான் கனநீர். பார்க்க சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஆனால், ஒரு லிட்டர் கனநீரை எடை போட்டால் சுமார் 1.1 கிலோ காட்டும். 0 டிகிரிக்குப் பதிலாக 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். 101.4 டிகிரியில்தான் கொதிக்கும். கனநீரில் செய்த ஐஸ் கட்டியை சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும்.

டியூட்டீரியத்தை 1931-ல் கண்டறிந்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரே. 1934-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட 1933-ல் கில்பர்ட் லூயிஸ் என்ற விஞ்ஞானி ஏறக்குறைய தூய கனநீரைப் பிரித்தெடுத்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். டியூட்டீரியம் கதிரியக்கப் பொருள் அல்ல. அது நிலையான அணு. பிரபஞ்சம் உருவான முதல் சில நிமிடங்களிலேயே தோன்றியது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இப்போதும் சுமார் 2 கிராம் டியூட்டீரியம் இருக்கிறது.

அப்படியென்றால் அணு உலையில் அதற்கு என்ன வேலை?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கனநீர் அணு உலையின் எரிபொருள் இல்லை. எரிபொருள் யுரேனியம். கனநீரின் வேலை, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பது.

யுரேனியம்-235 அணுவின் கரு பிளக்கும்போது வெப்பத்தோடு சேர்ந்து இரண்டு, மூன்று நியூட்ரான்களும் வெளியே பாயும். அவை அடுத்த யுரேனியம் அணுவைப் பிளக்க வேண்டும். அப்போதுதான் தொடர்வினை நடக்கும். ஆனால், இந்த நியூட்ரான்கள் அசுர வேகத்தில் வருகின்றன. வேகம் அதிகமாக இருந்தால் அடுத்த கருவில் சிக்காமல் போய்விடும் வாய்ப்பே அதிகம். வேகத்தைத் தணித்தால்தான் காரியம் நடக்கும்.

கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் போய் போர்டின் மரச்சட்டத்தில் மோதினால் அதே வேகத்தில் திரும்பி வரும். சட்டத்தைவிடத் தன் எடைக்கு நெருக்கமான காயில் நேராக மோதினால், காய் பறக்கும், ஸ்ட்ரைக்கர் தளர்ந்துவிடும். நியூட்ரானுக்கும் அதே கதைதான். தன் எடைக்கு நெருக்கமான அணுக்களில் மோதும்போதுதான் அதன் வேகம் சட்டென்று குறையும்.

நியூட்ரானுக்குச் சரிசமமான எடை உள்ளது சாதாரண ஹைட்ரஜன். அப்படியானால் சாதாரணத் தண்ணீரே போதுமே? போதாது. சாதாரண ஹைட்ரஜனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மோதுகிற நியூட்ரான்களில் சிலவற்றை அப்படியே விழுங்கிவிடும். டியூட்டீரியத்தின் கருவில் ஏற்கெனவே ஒரு நியூட்ரான் இருப்பதால், இன்னொன்றை அது அவ்வளவு எளிதில் ஏற்காது. நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பு சாதாரண ஹைட்ரஜனைவிட டியூட்டீரியத்துக்கு 600 மடங்குக்கும் மேல் குறைவு.

ஆக, சாதாரணத் தண்ணீர் வேகத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் நியூட்ரான்களைத் தின்றுவிடும். கனநீர் இன்னும் சில மோதல்கள் எடுத்துக்கொள்ளும், ஆனால் நியூட்ரான்களை விட்டுவைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இந்திய அணுசக்தித் திட்டத்தின் அடித்தளமே நிற்கிறது.

இந்தியா ஏன் கனநீர் வழியைத் தேர்ந்தெடுத்தது?

பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். சாதாரணத் தண்ணீரைப் பயன்படுத்தும் உலைகளில், நியூட்ரான் இழப்பை ஈடுகட்ட இந்த அளவைப் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் வரை உயர்த்த வேண்டும். இதற்குப் பெயர் செறிவூட்டல். அது செலவு பிடிக்கும் தொழில்நுட்பம். அணுகுண்டு தயாரிக்கவும் அதே வழி உதவும் என்பதால், எந்த நாடும் மற்ற நாட்டுக்கு அதை லேசில் கொடுக்காது.

கனநீர் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. சுரங்கத்திலிருந்து எடுத்த யுரேனியத்தைச் செறிவூட்டாமலேயே உலையில் போடலாம். சுதந்திரம் அடைந்து சில ஆண்டுகளே ஆன, கையில் பணமும் செறிவூட்டல் ஆலையும் இல்லாத இந்தியாவுக்கு இது பொருத்தமான பாதையாகத் தெரிந்தது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் முதல் கட்டமே இந்த ‘அழுத்தக் கனநீர் உலை’கள்தான்.

யுரேனியத்தைச் செறிவூட்டத் தேவையில்லை, ஆனால் தண்ணீரைச் ‘செறிவூட்ட’ வேண்டும். ஒரு சிக்கலைக் கொடுத்து இன்னொரு சிக்கலை வாங்கிய கதை இது.

ஒரு கிலோ கனநீருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள டியூட்டீரியம் மொத்தத்தையும் சிந்தாமல் சிதறாமல் பிரித்தெடுத்தாலும் 0.17 கிராம் கனநீர்தான் தேறும். அதாவது, ஒரு கிலோ கனநீருக்குக் குறைந்தது சுமார் 5,800 லிட்டர் தண்ணீர் வேண்டும். வீட்டு வாசலுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏறக்குறைய பாதி. நடைமுறையில் எந்த ஆலையாலும் முழுவதையும் எடுக்க முடியாது. அதனால் இதைப்போல் பல மடங்கு தண்ணீரைக் கையாள வேண்டியிருக்கும்.

220 மெகாவாட் திறனுள்ள ஒரு அணு உலைக்கு 200 டன்னுக்கும் மேல் கனநீர் தேவை. மிகக் குறைந்தபட்சக் கணக்கில்கூட, ஒரே ஒரு உலைக்காக 116 கோடி லிட்டர் தண்ணீரைச் சலித்தாக வேண்டும்.

எப்படிச் சலிக்கிறார்கள்? இதில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

முதல் வழி, ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அழுகிய முட்டை நாற்றம் வீசுமே, அதே வாயு. இதையும் தண்ணீரையும் உயரமான கோபுரங்களில் எதிரெதிர் திசையில் ஓடவிடுவார்கள். குளிர்ந்த கோபுரத்தில் டியூட்டீரியம் வாயுவை விட்டுத் தண்ணீருக்குத் தாவும். சூடான கோபுரத்தில் தண்ணீரை விட்டு வாயுவுக்குத் தாவும். இந்தத் தாவலைத் திரும்பத் திரும்ப நடத்தினால் டியூட்டீரியத்தின் அளவு படிப்படியாக ஏறும். ராஜஸ்தானின் கோட்டா, தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் உள்ள மணுகுரு ஆலைகள் இப்படித்தான் இயங்குகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொடிய நச்சு வாயு. அதனால், இந்த ஆலைகளில் வாயுக் கசிவைக் கண்காணிப்பது உயிர் காக்கும் வேலை.

இரண்டாவது வழி, உர ஆலையோடு ஒட்டிக்கொள்வது. யூரியா தயாரிக்க அம்மோனியா வேண்டும். அம்மோனியா தயாரிக்க ஏராளமான ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் இருக்கும். உர ஆலை தன் வேலையைப் பார்க்க, நடுவில் டியூட்டீரியத்தை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1978-ல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட கனநீர் ஆலை, பக்கத்தில் இருந்த ஸ்பிக் உர ஆலையோடு இணைத்துக் கட்டப்பட்டது. இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. உர ஆலை ஓடினால்தான் கனநீர் ஆலை ஓடும். அது நின்றால் இதுவும் படுத்துவிடும்.

இந்தியாவின் முதல் கனநீர் ஆலை 1962-ல் பஞ்சாபின் நங்கலில் தொடங்கப்பட்டது. அதுவும் உர ஆலையை ஒட்டியதுதான். பின்னர் பரோடா, தூத்துக்குடி, தால்சர், கோட்டா, தால், ஹசீரா, மணுகுரு என்று ஆலைகள் வரிசையாக வந்தன.

கல்பாக்கத்தில் காத்திருந்த உலை

சென்னை அணுமின் நிலையம் என்ற பெயர் இருந்தாலும், அது இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கம் கடற்கரையில். வெளிநாட்டு நிறுவனங்களின் கையைப் பிடிக்காமல் இந்தியா தானே கட்டிய முதல் அணுமின் நிலையம் இது.

கட்டுமானத்துக்கு இடையில் வந்தது 1974. அந்த ஆண்டு மே மாதம் பொக்ரானில் இந்தியா அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. அதற்கான புளூட்டோனியம் மும்பை டிராம்பேயில் உள்ள சைரஸ் ஆராய்ச்சி உலையிலிருந்து வந்தது. சைரஸ் உலையைக் கொடுத்தது கனடா. அதற்கான கனநீரைக் கொடுத்தது அமெரிக்கா. ‘அமைதிப் பணிக்குத்தானே கொடுத்தோம்’ என்று இரு நாடுகளும் கொந்தளித்தன. கனடா அணுசக்தி ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. அணுப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் குழு உருவானதற்கும் இந்தச் சோதனைதான் காரணம்.

விளைவு கல்பாக்கத்தில் தெரிந்தது. முதல் உலையின் கட்டுமானம் 1981-லேயே முடிந்துவிட்டது. யுரேனியம் இருந்தது, எந்திரங்கள் இருந்தன, பொறியாளர்கள் இருந்தார்கள். போதுமான கனநீர் இல்லை. உள்நாட்டு ஆலைகள் தடுமாறிக்கொண்டிருந்தன. கடைசியில் 1983 ஜூலையில்தான் அங்கே தொடர்வினை தொடங்கியது. 1984 ஜனவரியில் வணிக ரீதியிலான மின் உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது உலை 1986 மார்ச்சில் சேர்ந்தது.

இன்று நிலைமை தலைகீழ். இந்தியாவின் கனநீர் தேவை உள்நாட்டிலேயே பூர்த்தியாகிறது. மிச்சம் தென்கொரியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு உலைக்கே தட்டுப்பாடு. இப்போது குஜராத்தின் காக்ராபாரில் 700 மெகாவாட் திறனுள்ள கனநீர் உலைகள் இரண்டு ஓடுகின்றன. அதேநேரம், கல்பாக்கத்தின் முதல் உலை 2018 ஜனவரியில் நீண்டகால நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

கூடங்குளத்திலும் கனநீரா?

இல்லை. தமிழ்நாட்டில் அணுமின் நிலையம் என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய வடிவமைப்பு உலைகள். அவற்றில் செறிவூட்டப்பட்ட யுரேனியமும் சாதாரணத் தண்ணீரும்தான் பயன்படுகின்றன. எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது.

கல்பாக்கத்திலேயே கட்டப்பட்டுள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலை இன்னொரு ரகம். அதில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கவே கூடாது. அதனால் தண்ணீருக்கே இடமில்லை. வெப்பத்தைக் கடத்த உருகிய சோடியம் பயன்படுகிறது. ஆனால், அந்த உலைக்கு வேண்டிய புளூட்டோனியம், கனநீர் உலைகளில் எரிந்து முடிந்த யுரேனியத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

கனநீர் ஆபத்தானதா?

ஆலையிலிருந்து புதிதாக வரும் கனநீரில் கதிரியக்க ஆபத்து இல்லை. ஒரு டம்ளர் குடித்துவிட்டால்கூட ஒன்றும் ஆகாது. லேசாக இனிக்கும் என்பதை 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. ஆனால், விலங்குகளின் உடல் நீரில் கால்வாசி அளவு கனநீராக மாறினால் மலட்டுத்தன்மை வருவதும், பாதி அளவை எட்டினால் உயிரே போவதும் சோதனைகளில் தெரியவந்துள்ளன. அந்த அளவை எட்ட வேண்டுமானால் நாள்கணக்கில் கனநீரை மட்டுமே குடிக்க வேண்டும்.

உண்மையான சிக்கல், உலைக்குள் போன பிறகுதான். டியூட்டீரியம் நியூட்ரானை எளிதில் விழுங்காது என்று பார்த்தோம். எளிதில் என்றுதான் அர்த்தம், விழுங்கவே விழுங்காது என்றல்ல. எப்போதாவது ஒன்றை விழுங்கும்போது அது டிரிட்டியமாக மாறும். டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அது வெளியிடும் கதிர் தோலைக்கூடத் தாண்டாது. ஆனால், தண்ணீராகவே மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உடலுக்குள் போய்விட்டால் உள்ளிருந்தே பாதிக்கும்.

இது வெறும் கோட்பாடு இல்லை. 1999 மார்ச் 26 அன்று கல்பாக்கத்தின் இரண்டாவது உலையில், குளிர்விப்புக் குழாய் ஒன்றில் ஆய்வுப் பணி நடந்தபோது பல டன் கனநீர் உலைக் கட்டடத்துக்குள் கொட்டியது. அந்தப் பணியில் இருந்த ஊழியர்கள் சிலர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டவில்லை என்று அணுசக்தித் துறை கூறியது. முழு விவரங்களும் பொதுவெளியில் வரவில்லை என்று அணுசக்தி எதிர்ப்பாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

2009 நவம்பரில் கர்நாடகாவின் கைகா அணுமின் நிலையத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். டிரிட்டியம் கலந்த கனநீரை யாரோ ஊழியர்களின் குடிநீர் கூலரில் கலந்துவிட்டார்கள். 50-க்கும் மேற்பட்டோர் அதைக் குடித்திருந்தனர். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. கசிவு எந்திரத்தில் மட்டும் வராது, மனிதர்கள் வழியாகவும் வரலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

இதையெல்லாம் கண்காணிப்பது யார் என்ற கேள்வியும் பழையதுதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று இந்தியத் தணிக்கைத் துறையே 2012-ல் அறிக்கை கொடுத்தது. அணு உலையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருக்குமே முக்கியமான கேள்வி இது. கனநீர் உலை பாதுகாப்பானதா என்பதற்கான பதில், இயற்பியலில் பாதி, நிர்வாகத்தில் மீதி.

உலக நாடுகள் ஏன் இதைக் கண்டு பயப்படுகின்றன?

கனநீர் உலையில் இயற்கை யுரேனியத்தை எரிக்கும்போது, அதிலுள்ள யுரேனியம்-238 கொஞ்சம் கொஞ்சமாக புளூட்டோனியமாக மாறும். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை மாற்ற முடியும் என்பது இதன் இன்னொரு வசதி. மின் உற்பத்திக்கு இது பெரிய லாபம். ஆயுதக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு இதுவே பெரிய கவலை.

இரண்டாம் உலகப் போரின்போது, நாஜி ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வேயின் வெமோர்க் ஆலை கனநீர் தயாரித்துக்கொண்டிருந்தது. 1943 பிப்ரவரியில் நார்வே கமாண்டோக்கள் பனிமலையைக் கடந்து உள்ளே புகுந்து அந்த ஆலையின் கனநீர்ப் பிரிவைத் தகர்த்தனர். அடுத்த ஆண்டு, மிச்சமிருந்த கனநீரை ஜெர்மனிக்கு ஏற்றிச் சென்ற படகு ஏரியின் நடுவே வெடி வைத்து மூழ்கடிக்கப்பட்டது. அதில் சாதாரணப் பயணிகளும் இறந்தார்கள்.

70 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கவலை தீரவில்லை. 2015-ல் ஈரானோடு உலக வல்லரசுகள் போட்ட அணு ஒப்பந்தத்தில், ஈரான் 130 டன்னுக்கு மேல் கனநீர் வைத்திருக்கக் கூடாது என்று தனியாக ஒரு வரம்பே விதிக்கப்பட்டது.

திருவண்ணாமலைக்கு இதனால் என்ன பயன்?

அணு உலையை விட்டுவிட்டு மறுபடியும் மலையடிவாரத்துக்கு வரலாம். டியூட்டீரியத்தால் சாமானியருக்கு நேரடியாக உதவும் வேலை ஒன்று இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும்.

வெயிலில் ஏரித் தண்ணீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும். கனமானவை பின்தங்கும். அதனால், கோடை முழுக்கக் காய்ந்த ஏரியின் தண்ணீரில் டியூட்டீரியம் விகிதம் சற்றுக் கூடியிருக்கும். மழைநீரில் அது வேறு அளவில் இருக்கும். புயலோடு வரும் பெருமழையில் பொதுவாக இன்னும் குறைவாக இருக்கும். ஒவ்வொரு தண்ணீருக்கும் இப்படி ஒரு கைரேகை உண்டு. டியூட்டீரியத்தையும், கனமான ஆக்சிஜனான ஆக்சிஜன்-18-ஐயும் சேர்த்து அளந்தால் அந்தக் கைரேகையைப் படித்துவிடலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர் மணலில் ஊறுவதுபோல் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. பாறை வெடிப்புகளில்தான் தங்கும். ஒருவர் போர் போட்டால் தண்ணீர் பீறிடும். பக்கத்து வயலில் அதே ஆழத்துக்குப் போட்டால் புழுதி பறக்கும். கடன் வாங்கி போர் போட்ட விவசாயிக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை.

இந்த இடத்தில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் மாதிரி பல கேள்விகளுக்குப் பதில் தரும். போர்வெல் தண்ணீரில் ஆவியான ஏரித் தண்ணீரின் கைரேகை இருந்தால், ஏரி அந்தப் போருக்கு ஊட்டம் தருகிறது என்று அர்த்தம். அப்படியானால் ஏரியைத் தூர்வாரிப் பாதுகாப்பது அந்த ஊரின் போர்வெல்லைப் பாதுகாப்பதற்குச் சமம். மழைநீரின் கைரேகை இருந்தால் நேரடியாக மழைதான் உள்ளே இறங்குகிறது. டிரிட்டியத்தையும் அளந்தால், அந்தத் தண்ணீர் அண்மைக் காலத்தில் இறங்கியதா, பல பத்தாண்டுகளுக்கு முன்பே இறங்கியதா என்று ஓரளவு கணிக்கலாம். பழைய தண்ணீர் என்றால் எச்சரிக்கை மணி. அது சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழிப்பது மாதிரி. போடுவதற்கு ஆளில்லை.

1961 முதல் உலகம் முழுக்க மழைநீரின் ஐசோடோப்புகளைச் சர்வதேச அணுசக்தி முகமை, உலக வானிலை அமைப்போடு சேர்ந்து பதிவு செய்துவருகிறது. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் போன்றவை இந்தத் துறையில் வேலை செய்கின்றன.

மருத்துவத்திலும் டியூட்டீரியம் உண்டு. தாய்க்குச் சிறிதளவு கனநீர் கொடுத்து, குழந்தையின் உமிழ்நீரில் டியூட்டீரியத்தை அளந்தால், குழந்தை எவ்வளவு தாய்ப்பால் குடித்தது என்று துல்லியமாகச் சொல்லலாம். உடலில் மெதுவாகச் சிதைவதற்காக டியூட்டீரியம் சேர்த்து உருவாக்கப்பட்ட முதல் மருந்துக்கு அமெரிக்கா 2017-ல் அனுமதி கொடுத்தது.

‘டியூட்டீரியம் இல்லாத தண்ணீர்’ வாங்கலாமா?

இணையத்தில் டியூட்டீரியம் குறைக்கப்பட்ட தண்ணீர் விற்பனைக்கு இருக்கிறது. முதுமையைத் தள்ளிப்போடும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். மனிதர்களிடம் இதை உறுதிப்படுத்தும் அளவுக்கு வலுவான ஆதாரம் இல்லை. உயிர்கள் தோன்றிய காலத்திலிருந்தே இந்த அளவு டியூட்டீரியத்தோடுதான் வாழ்ந்துவருகின்றன. சிகிச்சையில் இருப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்தினால், அதுதான் உண்மையான ஆபத்து.

எதிர்காலம்: தண்ணீரே எரிபொருளா?

இன்றைய உலைகளில் டியூட்டீரியம் உதவியாளர் மட்டுமே. ஆனால், அணு இணைவு தொழில்நுட்பம் கைகூடினால் அதுவே கதாநாயகன். சூரியனில் நடப்பதுபோல லேசான அணுக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுப்பதுதான் அணு இணைவு. பூமியில் அதை நடத்த எளிதான ஜோடி டியூட்டீரியமும் டிரிட்டியமும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள டியூட்டீரியம் முழுவதையும் இணைத்து எரிக்க முடிந்தால், சுமார் 300 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றல் கிடைக்கும். இது காகிதத்தில் உள்ள கணக்கு. நடைமுறைக்கு வர, 10 கோடி டிகிரிக்கும் மேலான வெப்பத்தை அடக்கி ஆள வேண்டும். பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் என்ற சோதனை உலை அதற்குத்தான் முயல்கிறது. 2005 முதல் இந்தியாவும் அதில் பங்குதாரர். அந்த உலையைச் சுற்றியுள்ள பிரம்மாண்டமான குளிர்கலனின் பாகங்கள் குஜராத்தின் ஹசீராவில் செய்யப்பட்டவை. ஆனாலும், இணைவு மின்சாரம் வீட்டுக்கு வர இன்னும் நீண்ட காலம் ஆகும்.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. அங்கே கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குள்ளும் ஒரு நெருப்பு ஒளிந்திருக்கிறது. அதை மூட்டும் வித்தை இன்னும் கைவரவில்லை. ஆனால், அதே டியூட்டீரியத்தை வைத்து எந்த ஏரி எந்தப் போர்வெல்லுக்குத் தண்ணீர் தருகிறது என்று கண்டுபிடிக்க எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அந்த வித்தை இப்போதே கையில் இருக்கிறது. அடுத்த போர் போடுவதற்கு முன் அதைப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.